நாளைக்கு உலையில் என்ன போடுவது? கவலையைப் பற்றி எங்கள் ஜெபக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒரு சின்ன ஜெபக் கூட்டம் நடக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து பேர் வருவார்கள், பாதிப் பேர் வேலை முடிந்து நேரே பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். 2022 இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் கியூவில் நின்ற நாட்களில் மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாரக்கணக்கில் வாசித்தோம். அப்போது எழுந்த கேள்விகள் இன்றைக்கும் நிற்கவில்லை, புதிதாக வருகிறவர்களும் அவற்றையே கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் போதகர் இல்லை. மாதக் கடைசியில் பர்ஸைத் தட்டிப் பார்க்கிற ஒரு வீட்டுக்காரியாகத்தான் பதில் சொல்கிறேன்.

இயேசு உண்மையில் என்ன சொன்னார்?

என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம், என்னத்தை உடுப்போம் என்று கவலைப்படாதிருங்கள் என்றார். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் கவனித்துப் பார்க்கச் சொன்னார். முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், இவைகளெல்லாம் கூடக் கொடுக்கப்படும் என்றார். மத்தேயு 6:25 முதல் 34 வரை இருக்கிறது, லூக்கா 12 இலும் வரும்.

இதில் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒரு சொல் உண்டு. அந்தப் பகுதி "ஆகையால்" என்றுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தின வசனம், தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஒன்றாக ஊழியம் செய்ய உங்களால் கூடாது என்பது. அப்படியென்றால் அவர் கவலையைப் பற்றிப் பேசும்போது யார் நமக்கு எசமான் என்பதைப் பற்றித்தான் பேசுகிறார். காசு நிறைய வைத்திருக்கிறவர்தான் காசுக்கு அடிமை என்று நான் நினைத்திருந்தேன், ஆனால் கையில் ஒன்றுமில்லாதபோதும் இரவு முழுக்க அதையே எண்ணிக்கொண்டு படுத்திருந்தால் நானும் அதே எசமானுக்குத்தான் வேலை செய்கிறேன்.

இன்னொன்று, இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாட்கூலிக்காரர், மீனவர் நிறையப் பேர். அந்த ஊரில் ஒரு நாள் கூலி ஒரு வெள்ளிப்பணம், வேலை கிடைக்காத நாளில் அதுவும் இல்லை (மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் பின்னேரம் வரை சந்தையில் சும்மா நின்றவர்களை நினைத்துப் பாருங்கள்). வயிறு நிறைந்தவர்களிடம் அவர் சொன்ன ஆறுதல் இல்லை இது. இவையெல்லாம் உங்களுக்கு வேண்டியவை என்று உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார் என்றும் சொன்னார், அதாவது உங்கள் தேவையை அவர் சின்னதாக்கவில்லை.

25ஆம் திகதி தாண்டினாலே நெஞ்சு அடைக்கிறது. இது பாவமா அக்கா?

நெஞ்சு அடைப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். கெத்செமனேயில் இயேசுவே வியாகுலப்பட்டார், துக்கப்பட்டார், வியர்வை பெரிய இரத்தத் துளிகளைப் போலத் தரையில் விழுந்தது. "அற்பவிசுவாசிகளே" என்று அவர் கடிந்துகொண்டதும் தம்முடைய சீஷர்களைத்தான், கடிந்துகொண்ட கையோடு அவர்களைத் துரத்திவிடவில்லை. படகில் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து கடலை அடக்கினார்.

நான் பயப்படுவது கவலை என்னை என்ன செய்ய வைக்கிறது என்பதைப் பார்த்துத்தான். 2022 ஜூனில் என் கணவர் வேலை செய்த இடத்தில் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள். எங்களிடம் அரை மூட்டை அரிசி இருந்தது, பெரிய பாடுபட்டுச் சேர்த்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அரிசி அளக்கிற ஒரு சுண்டோடு வந்து, "அன்ரி, அம்மா கொஞ்சம் அரிசி கேட்டவ" என்று நின்றாள். இல்லை மகள் என்று சொல்லி அனுப்பினேன். மூட்டை குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பிள்ளை திரும்பிப் போன விதம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கவலை ஒரு மனுஷியை எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அதனால் இந்தக் கேள்வி வரும்போது நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் கவலை உங்களைப் பொய் சொல்ல வைக்கிறதா, பிள்ளைகளிடம் கத்த வைக்கிறதா, கதவை மூட வைக்கிறதா?

பறவைகளுக்கு வாடகை இல்லையே?

எங்கள் கூட்டத்தில் இதைக் கேட்காத ஆளே இல்லை.

லூக்கா எழுதினதில் இயேசு காகங்களைக் கவனித்துப் பாருங்கள் என்கிறார். கொழும்பில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, இந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் காகம். மோசேயின் சட்டத்தில் காகம் தீட்டான பறவை (லேவியராகமம் 11 இல் பட்டியல் இருக்கிறது), யாரும் விரும்பி வளர்க்காதது, கல்லெறிந்து துரத்துவது. அதையும் தேவன் பிழைப்பூட்டுகிறார் என்றால் நம்மை விடுவாரா என்பதுதான் அவருடைய வாதம். பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு கேரீத் ஆற்றண்டையில் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்ததும் காகங்கள்தான்.

ஆனால் காகம் வாயைத் திறந்துகொண்டு மரக்கிளையில் உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்திருக்கிறீர்களா? விடிய முன்னமே கத்தத் தொடங்கி, மீன் வெட்டுகிற இடத்தில், குப்பை வண்டியில், பள்ளிக்கூட வாசலில் என்று நாள் முழுக்க ஓடித் திரிகிறது. அது உழைக்கிறது, நாளன்றைக்கு மீன் வருமா என்று மட்டும் இன்றைக்கே எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

சரி, வாடகை. கொழும்பில் ஒரு சின்ன வீட்டுக்கே ஆறு மாதம், ஒரு வருடம் என்று அட்வான்ஸ் கேட்கிறார்கள், அந்தத் தொகையைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். வீடு கட்டாயம் கிடைக்கும் என்று ஒரு வசனத்தை எடுத்துக் காட்ட என்னால் முடியாது, உண்ணவும் உடுக்கவும் உண்டாயிருந்தால் போதுமென்றிருக்கக்கடவோம் என்று பவுல் எழுதினதோடு அது நின்றுவிடுகிறது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். 6ஆம் அதிகாரத்தில் பறவைகளைக் காட்டினவரே 8ஆம் அதிகாரத்தில், நரிகளுக்குக் குழிகளும் ஆகாயத்துப் பறவைகளுக்குக் கூடுகளும் உண்டு, மனுஷகுமாரனுக்கோ தலைசாய்க்க இடமில்லை என்கிறார். பறவைக்குக்கூட இருக்கிற வீடு தனக்கு இல்லாதவர்தான் கவலைப்படாதே என்று நம்மிடம் சொல்கிறார். அட்வான்ஸ் காசு தேடி அலைகிறபோது எனக்கு இந்த வசனம்தான் துணையாக இருந்திருக்கிறது.

சீட்டுக் கட்டுவது, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), காப்புறுதி எல்லாம் விசுவாசக் குறைவா?

இல்லை. எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள் என்கிறது நீதிமொழிகள். யோசேப்பு எகிப்தில் ஏழு செழிப்பான வருடங்களில் ஐந்தில் ஒரு பங்கு தானியத்தைச் சேர்த்து வைத்துத்தான் ஒரு தேசத்தையே காப்பாற்றினான். ஈபிஎஃப்பில் உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதமும் கம்பனியிலிருந்து 12 வீதமும் சேருகிறது, அதைச் சட்டப்படி கட்டுகிறார்களா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு, கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். அதைக் கேட்கிற தைரியமும் விசுவாசத்தில் சேர்த்திதான்.

எங்கே பிழையாகிறது என்று தெரிய வேண்டுமானால் லூக்கா 12 இல் காகங்களுக்கு முன்னால் வருகிற, விளைச்சலைச் சேர்த்து வைக்கப் பெரிய களஞ்சியம் கட்ட நினைத்த ஐசுவரியவானைப் பாருங்கள். அவன் சேர்த்து வைத்தது பிரச்சினை இல்லை, அவன் பேச்சைக் கேளுங்கள்: என் தானியம், என் களஞ்சியங்கள், என் ஆத்துமா. அந்தக் கதையில் வேறொரு மனிதர் பெயருக்குக்கூட வருவதில்லை.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி வீட்டுக்காரர் வேலைக்குப் போவதில்லை. என்ன செய்வது?

வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று எழுதின பவுல் கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர். தன் வீட்டாரை விசாரியாமல் விடுகிறவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கும் எழுதினார். வேலை தேடியும் கிடைக்காதவர் வேறு, அவரை யாரும் குத்திக் காட்டக் கூடாது. தேடாமலே இருப்பவரிடம் இந்த இரண்டு வசனங்களையும் போதகரோ ஒரு மூத்த அண்ணனோ வந்து சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது வீட்டுச் சண்டையாகிவிடும்.

ஜெபித்தேன், வரவில்லை. அப்போ?

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்கிறவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி இருங்கள்.

2022 ஆம் வருடத்தை மறக்க முடியுமா? 2021 ஒக்டோபர் தொடங்கும்போது 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமான் மட்டும் எடுத்தால் 94.9 வீதம், என்றால் முந்தின வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கினது கிட்டத்தட்ட இருநூறு. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்தக் காலத்தில் அப்பாவின் பிரஷர் மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் இல்லை. நாங்கள் உபவாசமிருந்து ஜெபித்தோம். மூன்று வாரமாக மாத்திரை கிடைக்கவில்லை. ஜூலையில் அப்பாவுக்கு பாரிசவாதம் வந்தது, இன்றைக்கும் அவருடைய பேச்சு சரியாகத் திரும்பவில்லை.

இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. விசுவாசம் போதவில்லை என்று ஒரு சகோதரர் சொன்னார், அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே சொன்னார், அதை மன்னிக்க எனக்கு வெகுநாள் எடுத்தது. எபிரெயர் 11 ஐ எடுத்து வாசியுங்கள். விசுவாசத்தினாலே பட்டயத்துக்கு, அதாவது வாளுக்கு, தப்பினவர்களும் பட்டயத்தினாலே செத்தவர்களும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள், அவர்கள் எல்லாருமே நற்சாட்சி பெற்றவர்கள். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி ஈஸ்டர் காலையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் பூசையில் இருந்தவர்கள். அன்றைக்குச் சம்பாதிக்கிற ஆளை இழந்த வீடுகளுக்குப் போய் விசுவாசக் கணக்குச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

பவுல் பட்டினியாயிருக்கவும் பரிபூரணமடையவும் போதிக்கப்பட்டேன் என்று எழுதுகிறார், அதாவது பட்டினி கிடந்திருக்கிறார். மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். கற்றுக்கொண்டேன் என்ற சொல்லை நான் பிடித்து வைத்திருக்கிறேன், அவருக்கும் அது பிறவியிலேயே வரவில்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் பாடினதும் மாடு திரும்பி வந்த பிறகு இல்லை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அதை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, அழுகைதான் வந்தது, ஆனால் யாரிடம் அழுகிறேன் என்று தெரிந்திருந்தது.

நகையெல்லாம் அடகில், நாள் வட்டிக்கும் வாங்கியாயிற்று. கடன்காரருக்குத் தேவன் இருக்கிறாரா?

இருக்கிறார். 2 இராஜாக்கள் 4 இல் ஒரு விதவை. புருஷன் செத்துவிட்டான், கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். எலிசா தீர்க்கதரிசி அவளைப் பார்த்துக் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்று. ஒரு குடம் எண்ணெய். அப்புறம் அயல்வீடுகளில் எல்லாம் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, அநேகம் வாங்கு என்கிறான். எண்ணெய் பெருகினபிறகும் அதை விற்றுக் கடனை அடை, மீதியில் பிள்ளைகளோடு ஜீவனம் பண்ணு என்று சொல்லி அனுப்புகிறான்.

அற்புதம் நடந்த வீட்டிலேயே கணக்குப் பார்ப்பதும் விற்பதும் அடைப்பதும் இருந்தது. அயலுக்கெல்லாம் அவளுடைய கஷ்டம் தெரிந்துவிட்டதும் உண்மை, பாத்திரம் கேட்டுக் கதவு தட்டினபோதே தெரிந்திருக்கும். நகை அடகு வைக்கச் செட்டியார் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற அக்காமார் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும், நானும் தாலிக்கொடியோடு போயிருக்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்து எழுதுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள். ஒரு வட்டியைக் கட்ட இன்னொரு வட்டிக்கு வாங்குவதை மட்டும் நிறுத்துங்கள். நகையை மீட்க வழியே இல்லையென்றால், அதை விற்றுக் கடனை முடிப்பது வெட்கம் இல்லை.

காணிக்கையை விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பும் என்கிறார்களே?

கடன் வாங்கிக் காணிக்கை போடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். ஏழை விதவை காணிக்கையாகப் போட்ட இரண்டு காசைப் பற்றிப் பேசுவதற்குச் சற்று முன்னால்தான் இயேசு விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் கண்டித்தார். அவளுக்கு அது இருநூறு காசாகத் திரும்பி வந்தது என்று எங்கேயும் எழுதியில்லை. கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள், ஆனால் அதை லொத்தர் சீட்டு வாங்குவதுபோல வாங்காதீர்கள்.

உதவி கேட்க வெட்கமாயிருக்கிறது. கர்த்தரை நம்பினால் மனிதரிடம் கேட்கலாமா?

கர்த்தருடைய ஜெபத்தை ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும். எனக்கு என்று அதில் எங்கேயும் இல்லை. என் வீட்டில் அரை மூட்டையும் பக்கத்து வீட்டில் வெறும் சுண்டும் இருக்கும்போது நான் அந்த ஜெபத்தைச் சொன்னால், அதற்குக் கர்த்தர் கொடுத்த பதில் என் குசினிக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. எனக்கு இது விளங்கின இரவிலேதான் எழுந்து போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, நான்தான் அழுதேன்.

வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னாவை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு எடுத்தார்கள், விடியுமட்டும் வைத்தது பூச்சி பிடித்து நாறினது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை என்று அங்கே எழுதியிருப்பதைப் பவுல் எங்கே எடுத்துச் சொல்கிறார் தெரியுமா? எருசலேமின் ஏழைகளுக்குக் காசு சேர்க்கிற இடத்தில், 2 கொரிந்தியர் 8 இல். வானத்திலிருந்து விழுந்தது இப்போது சபையார் கையிலிருந்து வருகிறது என்று அவர் விளங்கியிருக்கிறார். "என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்று நாம் கலண்டரில் மாட்டி வைக்கிற வசனமும் சிறையிலிருந்த அவருக்கு எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பின பிலிப்பியருக்கு எழுதினது. பவுலே வாங்கியிருக்கிறார். நீங்களும் வாங்கலாம்.

இங்கே, நம்முடைய நாட்டில், அப்படி நம்பி வாழ்ந்தவர் யாராவது?

நான் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவள் இல்லை, ஆனாலும் யோசே வாஸ் அடிகளாரைச் சொல்வேன். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687 இல், கோவாவிலிருந்து ஒரு ஏழைக் கூலியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். பின்னால் பணபலம் இல்லை, ஒளித்து வாழ்ந்த சனங்கள்தான் அவரை ஒளித்து வைத்துச் சோறு போட்டார்கள். கண்டியில் ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள், 1697 இல் அம்மை நோய் பரவினபோது மற்றவர்கள் விட்டு ஓடின நோயாளிகளை அவர் பார்த்தார், 1711 இல் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராக அறிவித்தார். ஏழு வருடம் கழித்து அதே திடலில்தான் சனங்கள் கூடாரம் போட்டு இருந்தார்கள், பாணுக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் போன கோபத்தோடு.

வெளிநாடு போக நினைப்பது விசுவாசக் குறைவா?

பஞ்சத்தில் ஆபிரகாமும் எகிப்துக்குப் போனான். போனது பிழை என்று எழுதவில்லை, பயத்தில் மனைவியைத் தங்கை என்று சொன்னதுதான் அவனை மாட்டிவிட்டது. போங்கள், ஆனால் பயம் உங்களைப் பொய்க் கடிதத்துக்கும் முகவரி இல்லாத ஏஜென்ட்டுக்கும் தள்ளினால் நில்லுங்கள்.

எவ்வளவு ஜெபித்தாலும் நித்திரை வரவில்லை, சாகலாம் போலிருக்கிறது.

இதைக் கூட்டம் வரும்வரைக்கும் வைத்திருக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லுங்கள். எலியாவும் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. எழுப்பிச் சுட்ட அடையைச் சாப்பிடக் கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்பவும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். டொக்டரிடம் போவதும் மருந்து எடுப்பதும் அந்த அடையைச் சாப்பிடுவதுபோலத்தான்.

நீங்கள் வீட்டில் என்னதான் செய்கிறீர்கள் அக்கா?

பெரிதாக ஒன்றுமில்லை. இரவில் படுக்கமுன் நாளைக்கு என் கையால் செய்யக்கூடியதை மட்டும் கொப்பியில் எழுதுவேன்: லைட் பில், வேன் காசுக்கு ரெண்டு நாள் தவணை கேட்பது, அப்பாவின் கிளினிக். என் கைக்குள் வராததை வாய்விட்டுக் கர்த்தரிடம் சொல்வேன், ரூபாக் கணக்கோடு சொல்வேன், ஏனென்றால் பொதுவாகச் சொன்னால் என் மனம் ஆறுவதில்லை. சில இரவுகளில் அதற்குப் பிறகும் இரண்டு மணி வரைக்கும் முழித்திருக்கிறேன்.

அப்புறம் பிடியரிசி. அம்மம்மா காலத்து வழக்கம், சோறு போடும்போதெல்லாம் அரிசியில் ஒரு பிடி எடுத்துப் பழைய பால்மா டின்னில் போடுவது. 2022 க்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் எல்லா வீட்டிலும் இதைத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டி, அந்த வாரம் யாருக்குத் தேவையோ அவர்கள் வீட்டுக்கு அனுப்புவோம், யாருக்கு என்று கூட்டத்தில் சொல்வதில்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபிறகு பார்த்தால் அந்த அரிசிப் பை எங்கள் குசினி மேசையில் இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, இப்போது ஏஎல் (உயர்தரம்) படிக்கிறாள், அவள்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.